டாக்டராக இருந்துகொண்டே புற்றுநோய் இம்யூனாலஜி ஆராய்ச்சி: எதை எந்த வரிசையில் செய்வது?

எம்.டி. முடித்த கையோடு வருபவர்கள், டி.எம். (எம்.டி.க்கு மேல் சிறப்புப் படிப்பு) இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள், சில நேரம் ஹவுஸ் சர்ஜன்கள்கூட என்னிடம் கேட்பது இதைத்தான்: "சார், கேன்சர் இம்யூனாலஜியில ரிசர்ச் பண்ணணும். எங்க சேரலாம்?" உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி புற்றுநோயோடு எப்படி மோதுகிறது, அதை எப்படிச் சிகிச்சையாக்குவது என்று படிப்பதுதான் கேன்சர் இம்யூனாலஜி. அதில் எங்கே சேர்வது என்பது நாலாவதோ ஐந்தாவதோ கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலில் கேட்டுவிட்டு, பெரிய பெயருள்ள இடத்தில் சேர்ந்து, இரண்டு வருடம் யாருடைய வேலையையோ செய்துவிட்டுத் திரும்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நானும் ஒரு வருடம் அப்படிக் கழித்தவன்தான்.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படித்து, நோயாளி பார்ப்பதை விடாமல் ஆராய்ச்சியும் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லேப் மட்டுமே போதும் என்பவர்களுக்கு வேறு பாதை உண்டு, அதில் இவ்வளவு சுற்று இல்லை.

1. உங்கள் வாரம் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தத் துறையில் டாக்டர்கள் மூன்று விதமாக வேலை செய்கிறார்கள். முதல் வகை, மருந்துச் சோதனை நடத்துபவர்கள். ஓ.பி.யும் வார்டும்தான் அவர்கள் களம், லேபுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாவது வகை, நோயாளியின் ரத்தத்தையும் கட்டித் திசுவையும் எடுத்து, மருந்து ஒருவருக்கு ஏன் கேட்டது, இன்னொருவருக்கு ஏன் கேட்கவில்லை என்று தேடுபவர்கள். மூன்றாவது வகை, எலியிலும் செல் கல்ச்சரிலும் அடிப்படை வேலை செய்துகொண்டு வாரத்துக்கு ஒரு ஓ.பி. மட்டும் பார்ப்பவர்கள்.

இதை முதலிலேயே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம், மூன்றுக்கும் பயிற்சி வேறு வேறு. முதல் வகைக்குப் புள்ளியியலும் சோதனை வடிவமைப்பும் தெரிய வேண்டும். மூன்றாவது வகைக்கு, பிஎச்.டி.யோ அதற்கு ஈடான மூன்று நான்கு வருட லேப் பயிற்சியோ இல்லாமல் ஆகாது. புதிதாக வரும் பலர் மூன்றையும் சேர்த்துச் செய்யலாம் என்று நினைக்கிறார்கள். ஒரு டீமாகச் செய்யலாம், ஒரு ஆளாக முடியாது.

இனிமேல் நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகைக்கு. டாக்டராக இருப்பது அங்கேதான் அதிகம் கைகொடுக்கிறது.

2. வருடக் கணக்கு

எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, டி.எம். மூன்று. தடங்கலே இல்லாமல் போனாலும் பதினொன்றரை வருடம். நடுவில் நுழைவுத் தேர்வுக்குப் படித்த வருடங்களையும், படிப்புக்குப் பின் அரசுப் பணி செய்யக் கையெழுத்திட்ட பாண்டையும், லேப் பயிற்சிக் காலத்தையும் சேர்த்தால் முப்பதுகளின் நடுவில்தான் சொந்தமாக ஒரு திட்டம் தொடங்க முடியும். வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லி வையுங்கள். கூடப் படித்தவர்கள் பிராக்டீஸ் வைத்து வீடு கட்டியிருக்கும் நேரத்தில் நீங்கள் ஃபெலோஷிப் தொகையில் இருப்பீர்கள். பாண்ட் எத்தனை வருடம், அந்தக் காலத்தில் ஆராய்ச்சி விடுப்பு கிடைக்குமா என்பதைச் சேரும் முன்னரே எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. எம்.பி.பி.எஸ்.ஸில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நடத்தும் எஸ்.டி.எஸ். என்ற குறுகிய கால மாணவர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் கல்லூரியிலேயே ஒரு கைடைப் பிடித்து இரண்டு மாதத்தில் முடிக்கிற வேலை. அதன் பயன் சான்றிதழில் இல்லை. ஒரு கேள்வியை எழுதி, எத்திக்ஸ் கமிட்டிக்குப் போய், தரவு எடுத்து, அறிக்கை எழுதுகிற முழுச் சுற்றையும் ஒரு தடவை சிறிய அளவில் பார்த்துவிடுவீர்கள்.

அதோடு எக்செல் ஷீட்டை ஒழுங்காக வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள், புள்ளியியலுக்கான 'ஆர்' (R) மென்பொருளில் கொஞ்சம் கை பழகுங்கள். இம்யூனாலஜிப் பாடப்புத்தகம் ஒன்றை முழுதாகப் படியுங்கள். இது போதும். மற்றபடி மருத்துவத்தை நன்றாகப் படிப்பதுதான் இந்தக் காலத்தின் வேலை.

4. பி.ஜி. கிளை: அதிகம் பேர் தவறும் இடம்

'இம்யூனாலஜி' என்ற சொல்லைப் பார்த்து டி.எம். கிளினிக்கல் இம்யூனாலஜி எடுத்தவர்கள் உண்டு. அருமையான படிப்புதான். ஆனால் அதன் முழுப் பெயர் கிளினிக்கல் இம்யூனாலஜி மற்றும் ருமட்டாலஜி. அங்கே உங்கள் முன் உட்காருபவர்கள் லூபஸ், மூட்டுவாதம், வாஸ்குலைட்டிஸ் உள்ளவர்கள். கட்டியைச் சுற்றியுள்ள டி செல்லை (நோய் எதிர்ப்பு வெள்ளணு ஒன்று) தேடி வந்தவருக்கு அது பக்கத்துத் தெரு.

புற்றுநோயாளிகள் உங்கள் பெயரில் அட்மிட் ஆக வேண்டும் என்றால் பாதைகள் இவை. எம்.டி. ஜெனரல் மெடிசின், குழந்தை மருத்துவம் அல்லது ரேடியேஷன் ஆன்காலஜி முடித்து டி.எம். மெடிக்கல் ஆன்காலஜி. ரத்தப் புற்றுநோயும் மஜ்ஜை மாற்று சிகிச்சையும் பிடித்தால் டி.எம். கிளினிக்கல் ஹெமட்டாலஜி. கை கத்தியைத் தேடினால் எம்.எஸ். சர்ஜரி முடித்து எம்.சிஎச். சர்ஜிகல் ஆன்காலஜி. அறுவை டாக்டர்களை இந்தத் துறையில் யாரும் நினைப்பதில்லை, ஆனால் திசு அவர்கள் கையில்தான் முதலில் வருகிறது. டி செல்களைக் கட்டியிலிருந்து பிரித்து வளர்த்து நோயாளிக்கே திருப்பிச் செலுத்தும் சிகிச்சையை உருவாக்கிய ஸ்டீவன் ரோசன்பெர்க் ஒரு சர்ஜன்.

பேத்தாலஜி படித்தவர்கள் தயங்க வேண்டாம். ஆன்கோபேத்தாலஜி, ஹீமட்டோபேத்தாலஜி ஆகியவற்றில் டி.எம். உண்டு. நோயாளியோடு நேரடித் தொடர்பு குறையும், ஆனால் கட்டியை உங்கள் அளவுக்குப் பார்க்கிறவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

எந்தப் படிப்புக்கு எது தகுதி என்பது அவ்வப்போது மாறும். டி.எம்., எம்.சிஎச். நுழைவுத் தேர்வுகளான நீட் எஸ்.எஸ்., ஐ.என்.ஐ. எஸ்.எஸ். தகவல் குறிப்பேட்டை அந்த வருடத்துக்கு உரியதாகப் பாருங்கள். சீனியர் சொன்னதை நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல் மூன்று விஷயம் விசாரியுங்கள். திசு வங்கி இயங்குகிறதா? நடந்து போகிற தூரத்தில் ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்களை ஒவ்வொன்றாக வகை பிரித்து எண்ணும் கருவி) இருக்கிறதா? கடந்த மூன்று வருடத்தில் அங்கே படித்த பி.ஜி. ஒருவர் முதல் ஆசிரியராகக் கட்டுரை எழுதியிருக்கிறாரா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், மற்ற இரண்டும் யாருக்காக இருக்கின்றன என்று யோசியுங்கள்.

5. கேள்வியை ஓ.பி.யில் தேடுங்கள்

புதியவர்கள் கேள்வியைப் பெரிய ஜர்னலில் தேடுகிறார்கள். அங்கே இருப்பது பாஸ்டனிலோ ஹூஸ்டனிலோ இருப்பவரின் கேள்வி. அதே கேள்வியை இருபது மடங்கு குறைந்த பணத்தோடு நீங்கள் துரத்தினால் பின்னால்தான் ஓட முடியும்.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் நிவோலுமேப் என்ற மருந்தை வழக்கமாக 2 வாரத்துக்கு ஒருமுறை 240 மி.கி. கொடுப்பார்கள். நம் ஊரில் தலை, கழுத்துப் புற்றுநோய் வருகிறவர்களில் பெரும்பாலோரால் அதை வாங்க முடியாது. மும்பை டாடா மெமோரியல் டாக்டர்கள் கேட்டது இதுதான்: 20 மி.கி. மட்டும், 3 வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால்? மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகளோடு அந்தச் சிறிய அளவையும் சேர்த்து, 151 பேரில் ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்த பிரிவில் 16.3 சதவீதம், நிவோலுமேப் சேர்த்த பிரிவில் 43.4 சதவீதம். இந்தக் கேள்வியைக் கேட்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பில்லைப் பார்த்துவிட்டு எழுந்து போகிற நோயாளியைப் பார்த்திருந்தால் போதும்.

அதனால் ஒரு நோட்டு வாங்கி, ஆறு மாதத்துக்கு ஓ.பி. முடிந்ததும் தினமும் ஒரு வரி எழுதுங்கள்: இன்று எனக்குப் பதில் தெரியாத கேள்வி எது? ஆறு மாதம் கழித்து, எந்தக் கேள்வி ஐந்து தடவைக்கு மேல் வந்திருக்கிறது என்று பாருங்கள். அதிலிருந்து தீசிஸ் தலைப்பை எடுங்கள்.

எடுத்த பிறகு எண்ணிக்கையைச் சரிபாருங்கள். உங்கள் துறையில் மாதம் எத்தனை பேர் அந்த மருந்தைத் தொடங்குகிறார்கள் என்று ரெஜிஸ்டரில் எண்ணுங்கள், யாரையும் கேட்காதீர்கள். எச்.ஓ.டி. "நிறைய வருதுப்பா" என்பார். ரெஜிஸ்டர் மாதம் இரண்டு என்று காட்டும்.

6. அனுமதிகள், வரிசை மாறாமல்

முதலில் பயிற்சிச் சான்றுகள். பி.சி.பி.ஆர். என்ற அடிப்படை ஆராய்ச்சிப் படிப்பை ஐ.சி.எம்.ஆர்.-இன் சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். வழியாக நடத்துகிறது. பி.ஜி.க்களுக்கு எப்படியும் கட்டாயம் என்பதால் முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள். கூடவே ஜி.சி.பி. (மருந்துச் சோதனையை ஒழுங்காக நடத்தும் நெறிகள்) சான்றும்.

அப்புறம் எத்திக்ஸ் கமிட்டி. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதும்போது, இந்த ஆய்வுக்கு ரத்தம் எடுப்பது, மிச்சத்தைச் சேமித்துப் பின்னால் வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவது, மரபணுச் சோதனை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் போடுங்கள். ஒரே கட்டமாகப் போட்டு, இரண்டு வருடம் கழித்துச் சேமித்த சாம்பிளைத் தொட முடியாமல் தவித்தவர்கள் உண்டு. நோயாளியை மறுபடி கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். புற்றுநோயில் பல நேரம் அந்த ஆள் இருக்க மாட்டார்.

மருந்துச் சோதனையாக இருந்தால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் பதிவு, முதல் நோயாளி சேரும் முன். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவை அவர்கள் ஏற்பதில்லை. "நாளைக்குப் பதிஞ்சுக்கலாம்" என்று ஒரே ஒரு நோயாளியைச் சேர்த்துவிட்டாலும் கதவு மூடிவிடும். சாம்பிளை வெளிநாட்டு லேபுக்கு அனுப்புவதாகவோ வெளிநாட்டுப் பணத்தில் நடப்பதாகவோ இருந்தால் எச்.எம்.எஸ்.சி. (சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு) அனுமதியும் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மரபணு மாற்றிய செல் என்றால் நிறுவனத்தின் பயோசேஃப்டி குழு. எலி என்றால் விலங்கு நெறிமுறைக் குழு.

7. முதல் சாம்பிளுக்கு முன் ஒரு பதிவேடு

லேபில் இருக்கும் பிஎச்.டி. மாணவரைவிட உங்களுக்குக் கூடுதலாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த ரத்தம் எடுத்த நாளில் அந்த நோயாளிக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பது. அதை எழுதி வைக்காவிட்டால் நீங்கள் டாக்டராக இருப்பதில் பயனே இல்லை.

ஒவ்வொரு குழாய்க்கும் எழுத வேண்டியவை: எடுத்த மணி, லேபுக்கு வந்த மணி, எத்தனையாவது சைக்கிள், மருந்து ஏறும் முன்னா பின்னா. அதோடு டெக்ஸாமெத்தாசோன் (ஸ்டீராய்டு) போட்டார்களா, வெள்ளணுவைக் கூட்டும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி எப்போது, காய்ச்சல் இருந்ததா, ஆண்டிபயாடிக் ஓடுகிறதா, காசநோய் உண்டா.

டெக்ஸாவை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், என் முதல் ஆய்வில் நாலு பேருக்கு டி செல்கள் திடீரென்று சரிந்திருந்தன. சிகிச்சைக்கு எதிர்ப்பு வந்துவிட்டது என்று ஸ்லைடுகூடத் தயாரித்துவிட்டேன். கடைசியில் வார்டு சிஸ்டர் ஒருவர்தான் சொன்னார், "அவங்களுக்கெல்லாம் காலையில கீமோ சார், பிரீமெட் போட்டப்புறம்தானே நீங்க ரத்தம் எடுத்தீங்க." பிரீமெட் என்பது கீமோவுக்கு முன் போடும் மருந்துகள், அதில் டெக்ஸாவும் உண்டு. ஸ்டீராய்டு ஏறிய சில மணி நேரத்தில் லிம்ஃபோசைட்டுகள் (டி செல்கள் இந்த வகைதான்) ரத்தத்தை விட்டு நகர்ந்துவிடும். நான் அளந்தது டெக்ஸாவை.

இன்னொன்று: முதல் டோஸுக்கு முந்தைய ரத்தம் ஒரு தடவைதான் கிடைக்கும். அதைத் தவறவிட்டால் அந்த நோயாளியின் மற்ற சாம்பிள்களுக்கு ஒப்பிட ஆளில்லை. டே-கேர் சிஸ்டரின் நட்பு இல்லாமல் இந்த ஆய்வு நடக்காது.

8. லேபில் முதல் மூன்று மாதம்

பெரிய சோதனை எதுவும் வேண்டாம். ரத்தத்திலிருந்து ஒற்றைக் கரு செல்களை (டி செல் உள்ளிட்ட வெள்ளணுக்கள்) பிரித்து, உறைய வைத்து, மறுபடி உருக்கி, உயிரோடு எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். உங்கள் சொந்த ரத்தமோ நண்பர் ரத்தமோ, முறையான அனுமதியோடு, பத்துத் தடவை செய்யுங்கள். நோயாளியின் குழாயில் கை பழகாதீர்கள்.

எந்தக் குழாய் என்பதில் தொடங்குங்கள். செல்கள் வேண்டும் என்றால் ஹெப்பாரின் குழாய் சரி. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. வேண்டும் என்றால் இ.டி.டி.ஏ., ஏனென்றால் ஹெப்பாரின் பி.சி.ஆரைக் கெடுக்கும். ரத்தத்தை ஐஸில் வைக்காதீர்கள். குளிர வைப்பது நல்லது என்று நம் மனசுக்குத் தோன்றும், ஆனால் குளிர்ந்த ரத்தத்தில் கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் ஒழுங்காகப் பிரியாமல் உங்கள் அடுக்கில் கலந்துவிடும். அறை வெப்பத்தில் வைத்து எட்டு மணி நேரத்துக்குள் தொடங்குங்கள்.

ரத்தத்தில் சம அளவு பி.பி.எஸ். (உப்புக் கரைசல்) கலந்து, செல்களை அடுக்காகப் பிரிக்க உதவும் ஃபைக்கால் திரவத்தின் மேல் குழாயின் ஓரமாக மெல்ல இறக்குங்கள். இரண்டும் கலந்துவிட்டால் அங்கேயே முடிந்தது. பிறகு சென்ட்ரிஃபியூஜில் 400 ஜி (சுழற்சி விசை), 30 நிமிடம், 20 டிகிரி. இங்கே இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 400 ஜி என்பதை 400 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்று போடுவது ஒன்று. இரண்டும் வேறு, ரோட்டரைப் பொறுத்து மாறும். சென்ட்ரிஃபியூஜ் பிரேக்கை அணைக்க மறப்பது இன்னொன்று. பிரேக் போட்டு நிறுத்தினால் குலுங்கி, தயிரேடு மாதிரி நடுவில் நிற்க வேண்டிய வெள்ளை வளையம் கலைந்துவிடும். எங்கள் லேபில் அந்த பட்டனுக்கு மேல் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது, ஒட்டியது நான்தான், காரணம் கேட்க வேண்டாம்.

ஆரோக்கியமான ஆளிடம் ஒரு மி.லி. ரத்தத்தில் ஏறக்குறைய 10 லட்சம் செல்கள் கிடைக்கும். கீமோ ஓடும் நோயாளியிடம் அதைவிடக் குறைவாகத்தான் வரும். அதனால் எத்தனை சோதனை செய்யலாம் என்ற திட்டத்தை ஆரோக்கியமானவர் கணக்கில் போடாதீர்கள்.

உறைய வைக்கும்போது நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாக, உருக்கும்போது வேகமாக. மைனஸ் 80 ஃப்ரீசர் ஓரிரு நாளுக்கு மட்டும், அப்புறம் திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள்.

ஃப்ளோவுக்குப் போகும்போது செத்த செல்லைப் பிரித்துக் காட்டும் சாயத்தை விட்டுவிடாதீர்கள். செத்த செல்கள் எல்லா ஆண்டிபாடியையும் ஒட்டிக்கொண்டு, இல்லாத பி.டி.-1-ஐ (டி செல்லுக்குப் பிரேக் போடும் புரதம்) இருப்பதாகக் காட்டும். நோயாளி சாம்பிள்களை ஒரு நாளும் ஒப்பீட்டு சாம்பிள்களை வேறொரு நாளும் ஓட்டாதீர்கள். வித்தியாசம் நோயிலிருந்து வந்ததா, மெஷினிலிருந்து வந்ததா என்று கடைசி வரை தெரியாது.

கட்டித் திசுவுக்கு, வெட்டி எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணிக்கு மிகாமல் ஊற வேண்டும். பொங்கல் விடுமுறையில் ஐந்து நாள் ஊறிய பயாப்சியில் பி.டி.-எல்.1 (பி.டி.-1-ஓடு இணையும் புரதம்) சாயம் ஏறவில்லை என்றால் குறை கட்டியில் இல்லை. சாயம் ஏற்ற எந்த ஆண்டிபாடி க்ளோனை (ரகத்தை) பயன்படுத்தினீர்கள் என்றும் எழுதுங்கள். 22சி3-யில் வந்த எண்ணையும் எஸ்.பி.142-இல் வந்த எண்ணையும் ஒரே பட்டியலில் போட முடியாது.

9. கணக்கில் வழுக்கும் இரண்டு இடங்கள்

முதலாவது, 30 நோயாளிகளில் 40 சைட்டோகைன் (நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் புரதங்கள்) அளந்து, பி வேல்யூ (தற்செயலாக வரும் வாய்ப்பைக் காட்டும் எண்) 0.05-க்குக் கீழ் வந்த இரண்டைப் பிடித்துக்கொள்வது. 40 தடவை பார்த்தால் தற்செயலாகவே சுமார் இரண்டு வரும்.

அடுத்தது இன்னும் நயமானது. "இம்யூனோதெரபியில் தைராய்டு பக்கவிளைவு வந்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள்" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு தீசிஸ் வரும். பக்கவிளைவு வரவே சில மாதம் உயிரோடு இருக்க வேண்டுமே! முதல் மாதத்திலேயே இறந்தவர் தானாக 'வராதவர்' பட்டியலில் விழுந்துவிடுகிறார். மூன்றாம் மாதம் போல ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று உயிரோடு இருப்பவர்களை மட்டும் பிரித்து, அங்கிருந்து எண்ண வேண்டும். இதற்கு லேண்ட்மார்க் முறை என்று பெயர். புள்ளியியலாளரை ஆய்வு முடிந்தபின் பார்க்காமல், தொடங்கும் முன் ஒரு காபி வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

மருந்துச் சோதனை வடிவமைப்பை உட்கார்ந்து கற்க வேண்டும் என்றால் லோனாவாலாவில் நடக்கும் கிரெடோ பட்டறைக்கு விண்ணப்பியுங்கள். கையில் ஒரு யோசனையோடு போய், முழு நெறிமுறையோடு திரும்பலாம்.

10. பிஎச்.டி.யா, வெளிநாடா?

இரண்டாவது வகை வேலைக்குப் பட்டம் கட்டாயமில்லை, பயிற்சி கட்டாயம். எம்.டி. அல்லது டி.எம். வைத்திருப்பவர் பிஎச்.டி. இல்லாமலே அமெரிக்காவில் போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளராகச் சேர முடியும். ஆனால் அந்த வேலையில் நோயாளியைத் தொட முடியாது. தொட வேண்டும் என்றால் பெரும்பாலும் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க உரிமத் தேர்வும் ரெசிடென்ஸிப் பயிற்சியும் மறுபடி. இதைத் தெரியாமல் போய் இரண்டு வருடம் ஸ்டெத்தைப் பெட்டியில் வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கேயே தங்கிவிடும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: டாக்டர் ஆராய்ச்சியாளர்களுக்கு அமெரிக்க அரசின் என்.ஐ.எச். தரும் கே08, கே23 மானியங்களுக்குக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ வேண்டும்.

இங்கே திரும்பும் எண்ணம் இருந்தால், போகும் முன்னரே எந்த ஒரு நுட்பத்தைக் கற்றுவரப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஊரில் அந்தக் கருவியும் ரீஏஜென்ட்டும் கிடைக்குமா என்பதையும். கிடைக்காத ஒன்றைக் கற்று வந்தால் அது பேச்சுக்கு மட்டும்தான் உதவும்.

உள்ளூரிலும் இடங்கள் உண்டு. நவி மும்பை கார்கரில் உள்ள ஆக்ட்ரெக் (டாடா மெமோரியலின் ஆராய்ச்சி மையம்), வேலூர் சி.எம்.சி. வளாகத்தின் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம், திசு தேவைப்பட்டால் ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி. 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை (நோயாளியின் டி செல்லை மரபணு மாற்றிப் புற்றுநோயைத் தாக்க வைப்பது), ஐ.ஐ.டி. பம்பாய் லேபும் டாடா மெமோரியல் டாக்டர்களும் சேர்ந்து கொண்டுவந்தது. அதில் டாக்டர் யாரும் தனியாக எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளவில்லை, செல் உயிரியல் தெரிந்தவரோடு கைகோத்தார்கள். பக்கத்தில் உள்ள அறிவியல் கல்லூரியிலோ ஐ.ஐ.டி.யிலோ அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது, விசாவைவிடச் சில நேரம் பயனுள்ளது.

11. வேலையில் சேரும் முன், நேரத்தை எழுத்தில் வாங்குங்கள்

ஆராய்ச்சி நின்று போவது பணத்தால் குறைவு, நேரத்தால்தான் அதிகம். டிபார்ட்மென்டில் ஆள் குறைந்தால் முதலில் கேட்கப்படுவது உங்கள் லேப் நாள். அமெரிக்காவில் மேலே சொன்ன கே மானியம் வாங்கினால் பொதுவாக 75 சதவீத நேரம் ஆராய்ச்சிக்கு என்று மருத்துவமனையே உறுதி கொடுக்க வேண்டும். இங்கே அப்படி யாரும் கொடுக்க மாட்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் கிடைத்தாலே நல்ல பேரம்.

சொந்த மானியம் இருந்தால் பேரம் சுலபம். டாக்டர்களுக்கென்றே இந்தியா அலையன்ஸ் தரும் கிளினிக்கல் ஃபெலோஷிப்பில் உங்கள் சம்பளமும் வரும். ஐ.சி.எம்.ஆர்., டி.பி.டி., ஏ.என்.ஆர்.எஃப். போன்ற அரசு அமைப்புகளின் திட்ட மானியங்களும் உண்டு. விண்ணப்பத்தில் புதியவர்கள் ரீஏஜென்ட் செலவை விரிவாக எழுதுகிறார்கள், ஆள் சம்பளத்தை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் ஓ.பி.யில் இருக்கும் நேரத்தில் அந்த எட்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தைப் பிரிக்க ஒருவர் லேபில் இருந்தாக வேண்டும். ஒரு டெக்னீஷியன் சம்பளம் இல்லாத மானியத்தை நான் இப்போதெல்லாம் கையெழுத்துப் போட்டு அனுப்புவதில்லை.

பணி நியமனக் கடிதத்தில் "வாரத்தில் இரண்டு நாள் ஆராய்ச்சிக்கு" என்று எழுதித் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்தக் கிழமைகள், அன்று உங்கள் ஓ.பி.யை யார் பார்ப்பார், அடுத்த நாள் காலை வரை வார்டிலிருந்து வரும் அழைப்பு யாருக்குப் போகும் என்று மூன்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். என் கடிதத்தில் கிழமை இல்லை. முதல் வருடம் அந்த இரண்டு நாளும் எனக்கு ஞாயிற்றுக்கிழமையாகத்தான் வந்தன.